உயிர்ப்பித்தவருக்கு எவ்வளவு சொந்தம்?

பாழ்பட்டுக் கிடந்த ஒரு பொது நிலத்தை அயலவர்கள் கூடித் துப்புரவாக்குகிறார்கள். மண் கொட்டி, மரம் நட்டு, இருபத்தைந்து வருடங்கள் பராமரிக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த நிலம் யாருடையது? உறுதி யாரிடம் இருக்கிறதோ அவருடையது என்று சட்டத்தரணி சொல்வார். வியர்வை யாருடையதோ அவருடையது என்று நம் மனம் சொல்லும். இவ்விரண்டில் எதுவும் முழுமையான பதிலல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

இது ஏட்டில் மட்டும் எழுந்த கேள்வியல்ல. நியூயோர்க் நகரம் இதனை நேரிலேயே சந்தித்திருக்கிறது. 1970களில் அந்நகரம் பெரும் பண நெருக்கடியில் இருந்தது. ஏழைகள் வாழ்ந்த பகுதிகளில் வீட்டுச் சொந்தக்காரர்கள் கட்டடங்களைக் கைவிட்டுப் போனார்கள். பல எரிந்தன, பல இடிக்கப்பட்டன. வரி கட்டப்படாத காணிகள் நகர நிர்வாகத்தின் கைக்கு வந்து, வேலியடைக்கப்பட்டுக் குப்பைமேடுகளாயின. 1973இல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் அவருடைய அயலவர்களும், பௌவரியும் ஹவுஸ்டன் வீதியும் சந்திக்கும் மூலையில் கிடந்த அப்படியொரு காணியைத் துப்புரவாக்கத் தொடங்கினார்கள். 'பசுமைக் கெரில்லாக்கள்' என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்ட அவர்கள், உள்ளே நுழைய முடியாத காணிகளுக்குள் விதையும் உரமும் சேர்த்த உருண்டைகளை வேலிக்கு மேலால் எறிந்ததும் உண்டு. 1974இல் நகர நிர்வாகம் அந்த மூலைக் காணியை மாதம் 1 டொலர் வாடகைக்குக் கொடுத்தது. 1978இல் இத்தகைய தோட்டங்களுக்கென்றே 'கிரீன்தம்ப்' என்ற திட்டத்தையும் ஆரம்பித்தது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து குடியேறியவர்கள் இக்காணிகளில் தம் ஊர்ப் பாணியில் சிறு குடில் அமைத்தார்கள், மரக்கறி பயிரிட்டார்கள். நூற்றுக்கணக்கான தோட்டங்கள் எழுந்தன.

பின்னர் காலம் மாறியது. நகரம் செழித்தது, காணி விலை ஏறியது. யாரும் திரும்பிப் பாராத தெருக்களுக்கு விலை வந்ததில் அந்தத் தோட்டங்களுக்கும் பங்குண்டு என்பது கசப்பான வேடிக்கை. 1999 மே மாதத்தில், மேயர் ருடோல்ஃப் ஜூலியானியின் நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டக் காணிகளை ஏலத்தில் விற்க ஏற்பாடு செய்தது. ஏலத்திற்கு முன்பாக, நிலப் பாதுகாப்புக்கான ஓர் அறநிறுவனமும், நடிகை பெட் மிட்லர் தொடங்கிய அமைப்பும் சுமார் 42 இலட்சம் டொலர் கொடுத்து அவற்றை வாங்கிக் காப்பாற்றின. வாடகை ஒரு டொலராக இருந்த இடத்தைப் பராமரித்தவர்களின் உழைப்பு, இறுதியில் இன்னொருவருடைய காசினால் மீட்கப்பட வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் நமது பிக்ஹு மரபு நினைவுக்கு வருகிறது. இறந்த நிலத்தை உயிர்ப்பித்தவருக்கே அது உரியது என்ற கருத்துள்ள நபிமொழி நாமறிந்ததே. மேலோட்டமாகப் பார்த்தால் நியூயோர்க் தோட்டக்காரர்களின் வழக்கு இத்துடன் வென்றுவிடும். ஆனால் இமாம்கள் அவ்வளவு எளிதில் விட்டுவிடவில்லை. உயிர்ப்பிப்பதற்கு ஆட்சியாளரின் அனுமதி தேவை என்றார் இமாம் அபூஹனீபா. அவருடைய மாணவர்களான அபூயூஸுபும் முஹம்மதும் அதில் அவருடன் உடன்படவில்லை. இமாம் மாலிக், ஊருக்கு அருகிலுள்ள நிலத்துக்கு அனுமதி வேண்டும், தொலைவிலுள்ளதற்கு வேண்டியதில்லை என்று பிரித்தார். நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அனுமதி நிபந்தனையல்ல. எனினும் அங்கும் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. ஊரின் பொதுத் தேவைக்குரிய இடங்களை, அதாவது மக்கள் கூடும் வெளி, குதிரை ஓடும் திடல், ஒட்டகம் படுக்கும் இடம், சாம்பலும் குப்பையும் கொட்டும் இடம் முதலியவற்றை, எவரும் உயிர்ப்பித்துச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. பார்வைக்கு அவை பாழாகத் தோன்றலாம். ஆனால் அவை ஊரின் உடம்பில் ஒரு பகுதி.

எனவே நகரத்துக் குப்பைமேடு இறந்த நிலமாகாது. அது கைவிடப்பட்ட நிலம். இறந்த நிலத்துக்கு முன்னர் உரிமையாளர் இல்லை. கைவிடப்பட்ட நிலத்துக்கோ ஊர் முழுவதுமே உரிமையாளர். அதனைத் திருத்தியவர் ஊருக்கு நன்மை செய்தவர். அதனால் அவர் ஊராகிவிடுவதில்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தோட்டத்துக்கு எதிரில் எப்போதும் பேராசைக்கார முதலாளிதான் நிற்பான் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அது உண்மையல்ல. மன்ஹட்டனில் அடம் பர்பிள் என்பவர் தனி மனிதராகத் தொடங்கி, வட்டம் வட்டமாக விரித்தமைத்த 'ஏதேன் தோட்டம்' 1986இல் அழிக்கப்பட்டது. அங்கு எழுந்தவை குறைந்த வருமானமுடையோருக்கான வீடுகள். அதே நகரில் எலிசபெத் வீதித் தோட்டத்தை அகற்றி வயோதிபருக்கு வீடு கட்டும் திட்டத்தின் மீதான வழக்கும் வாதமும் பல ஆண்டுகள் நீண்டன. 2025இல் வேறு இடங்களில் வீடுகள் அமைப்பதாகக் கூறி நிர்வாகம் அத்திட்டத்தைக் கைவிட்டது. தோட்டத்தின் பக்கம் நின்றவர்களுக்கு முகமும் குரலும் இருந்தன. வீட்டுக்குக் காத்திருந்த முதியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. அவர் கூட்டங்களுக்கு வருவதில்லை. தொண்டு செய்தவரின் உரிமையை நாம் எடைபோடும்போது, அங்கில்லாத இந்த மனிதரையும் தராசில் வைக்க வேண்டும்.

பொது நிலத்தைக் காப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு உமர் (ரழி) அவர்களின் ஒரு கட்டளையை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. புகாரியில் பதிவாகியுள்ள செய்தி அது. அரசின் பாதுகாப்பிலிருந்த மேய்ச்சல் நிலத்துக்கு ஹுனைய் என்ற தமது பணியாளரைப் பொறுப்பாக நியமித்தபோது, சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டும் உடையவரை உள்ளே விடும்படியும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்பான் போன்றோரின் மந்தைகளை விட வேண்டாம் என்றும் சொன்னார்கள். செல்வந்தரின் மந்தை அழிந்தால் அவருக்குப் பேரீச்சந் தோட்டமும் வயலும் உண்டு. ஏழையின் ஆடுகள் அழிந்தால் அவர் பிள்ளைகளுடன் என் வாசலில் வந்து நிற்பார். பொன்னையும் வெள்ளியையும் விடப் புல்லும் நீரும் எனக்கு இலகு என்பது அவர்கள் தந்த காரணம். அதே பேச்சில், இந்த நிலம் அம்மக்களுடையதே, நான் அநீதி செய்கிறேன் என்று அவர்கள் எண்ணக்கூடும் என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார்கள். வேலி போடலாம், ஆனால் வேலிக்கு வெளியே நிற்பவனின் முறைப்பாட்டையும் கேட்டபடியே போட வேண்டும்.

தோட்டக்காரர்களின் வேலிக்கும் பூட்டுக்கும் இதுவே உரைகல். திருட்டுக்கும் போதைவஸ்துக்காரருக்கும் பயந்து பூட்டுவதில் நியாயமுண்டு. ஆனால் சாவி பத்துப் பேரிடம் மட்டும் இருந்து, பதினோராவது ஆள் கம்பிகளூடே எட்டிப் பார்க்க நேர்ந்தால், பொது நிலம் மீண்டும் ஒருமுறை கைவிடப்பட்டதாகிறது. அழகாகக் கைவிடப்பட்டது என்பதே வித்தியாசம். கிரீன்தம்ப் தோட்டங்கள் வாரத்தில் குறித்த நேரம் யாவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற விதி இதனால்தான் சரியானது.

அப்படியானால் உழைத்தவருக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. மக்கள் தம் கைகளால் செய்ததை ஏற்றுக்கொண்டு கால் நூற்றாண்டு இலாபமடைந்த நிர்வாகம், ஒரு காலையில் அவர்களை அத்துமீறியோராக நடத்த முடியாது. கலந்து பேச வேண்டும். முன்கூட்டி அறிவிக்க வேண்டும். மாற்று இடம் காட்ட வேண்டும். 2002இல் நியூயோர்க்கில் ஏற்பட்ட உடன்பாடு ஏறத்தாழ இவ்வழியிலேயே சென்றது. பெரும்பாலான தோட்டங்கள் காக்கப்பட்டன. சில வீடமைப்புக்கு விடப்பட்டன. இரு தரப்பும் முழுத் திருப்தி அடையவில்லை. பொது நிலத்தைப் பற்றிய நியாயமான தீர்ப்பு எதுவும் யாரையும் முழுத் திருப்தி செய்யாது என்றே நினைக்கிறேன்.

நம் நாட்டில் சிரமதானம் என்ற சொல் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. ஒரு ஞாயிறு காலை மண்வெட்டியும் கத்தியுமாய்ப் பலர் கூடுவார்கள். தேநீர் வரும், படம் எடுக்கப்படும், மரத்தடியில் பெயர்ப்பலகை நிற்கும். மழைக்குப் பிறகு புல் பழையபடி வளரும்போது யாரையும் காணக் கிடைக்காது. நடுவது ஒரு நாள் வேலை, தண்ணீர் ஊற்றுவது வருடங்களின் வேலை. முந்தியதற்குப் பலகை உண்டு, பிந்தியதற்கு இல்லை.

நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கிய ஒரு கறுப்பினப் பெண் இரவில் மௌத்தானபோது, சிறிய விடயமென்று எண்ணித் தோழர்கள் அவர்களுக்கு அறிவிக்காமலே அடக்கிவிட்டார்கள். அவர்களோ அவள் எங்கே என்று விசாரித்து, கப்றைக் காட்டச் சொல்லிப் போய்த் தொழுதார்கள். அந்தப் பெண் பள்ளிவாசலைக் கட்டியவளல்ல. அதில் ஒரு சாண் நிலத்துக்கும் உரிமை கேட்டவளல்ல. ஆனால் அவள் இல்லாதது கவனிக்கப்பட்டது. பொது இடத்தைப் பராமரிப்பவருக்கு ஊர் கொடுக்க வேண்டிய உரிமை எது என்று என்னைக் கேட்டால், நான் இந்தச் சம்பவத்தையே காட்டுவேன். உறுதிப்பத்திரம் தேவையில்லை. அவர் வராத நாளில் ஏன் வரவில்லை என்று ஊர் தேட வேண்டும். அவரைத் தேடும் ஊர், அவர் விட்ட வாளியையும் எடுத்துக்கொள்ளும்.