கிளைவிடும் கதையும் தேர்வின் பொறுப்பும்

கதை கேட்பவனுக்குத் தொன்றுதொட்டே ஓர் உரிமை உண்டு. கதை சொல்பவரை இடைமறித்து, 'அப்புறம் என்ன ஆயிற்று?' என்று வினவும் உரிமை அது. 'அவ்வாறு நிகழ வேண்டாம், இவ்வாறு நிகழட்டும்' என்று ஆணையிடும் உரிமை மட்டும் அவனுக்கு இருந்ததில்லை. கதையின் போக்கு ஆசிரியன் கையிலேயே இருந்தது. நாயகன் தவறிழைக்கும்போது நாம் பதறலாம், தடுக்க இயலாது. தடுக்க இயலாத காரணத்தால், அத்தவற்றுக்கு நாம் பொறுப்பாளிகளும் அல்லர்.

இந்நிலையை மாற்றிய ஒரு கலை கடந்த ஐம்பது ஆண்டுகளில் தோன்றி வளர்ந்து, இன்று நம் இல்லங்களுக்குள்ளும் வந்துவிட்டது. பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டு என்பதே அது. மந்திரவாதிகளும் அரக்கர்களும் உலவும் கற்பனை நாடொன்றில் ஆடுபவர் ஒரு வீரனாகப் புகுகிறார். கதை ஓரிடத்தில் நின்று, 'இந்தக் கைதியை விடுவிப்பாயா, ஒப்படைப்பாயா?' என்று அவரைக் கேட்கிறது. அவர் சொல்லும் விடையே கதையின் அடுத்த பகுதியைத் தீர்மானிக்கிறது. இதனைப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அறத்தைப் பற்றிய மிகப் பழைய வினாக்கள் சில இவ்விளையாட்டுகளுக்குள் புது வடிவில் எழுந்து நிற்கின்றன. பிறர் எழுதிவைத்த வழிகளுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பது தேர்வாகுமா? மதிப்பெண் தரப்படும் நற்செயல் நற்செயல்தானா? திரும்பப் பெறக்கூடிய செயலுக்குப் பொறுப்பு உண்டா? இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

கிளைகளை எழுதும் முறை

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டை வெளியிட்டனர். அதில் கதையை நடத்துபவர் ஒரு மனிதர். சுற்றியிருப்போர் எதைச் சொன்னாலும், அதற்கேற்பக் கதையை அக்கணமே வளைக்க அவரால் முடியும். அச்சிட்ட நூலால் அது முடியாது. எட்வர்ட் பேக்கர்ட் எழுதி 1979இல் வெளிவந்த 'தி கேவ் ஆஃப் டைம்' என்ற சிறுவர் நூலில், பக்கந்தோறும் வாசகனே வழியைத் தெரிவு செய்து வெவ்வேறு பக்கங்களுக்குச் செல்கிறான். அந்தச் சிறிய நூலுக்கு 40 முடிவுகள். அத்தனையையும் ஆசிரியர் முன்கூட்டியே எழுதியாக வேண்டியிருந்தது.

கணினி விளையாட்டும் இந்த வகையைச் சேர்ந்ததே. இங்கே எழுத்தாளரை எதிர்கொள்வது கணக்கு. ஒரு கதையில் பத்து இடங்களில் இரண்டிரண்டு வழிகள் பிரிந்து, எவையும் மீண்டும் இணையாது போனால், 1,024 முடிவுகள் வேண்டும். இருபது இடங்கள் என்றால் 10,48,576 முடிவுகள். எந்த எழுத்தாளர் குழுவாலும் இது இயலாது. ஆகவே அவர்கள் வேறோர் உபாயத்தைக் கையாள்கின்றனர். பிரிந்த கிளைகள் சிறிது தூரம் சென்றபின் ஒரே பாதையில் மீண்டும் கூடும். ஆயினும் ஆடுபவர் எதைத் தெரிவு செய்தார் என்பதைக் கணினி ஒரு குறிப்பாக எழுதிவைத்துக்கொள்ளும். பின்னொரு நாள், முன்பு அவர் காப்பாற்றிய ஒருவன் உதவிக்கு வருவான். அவர் வஞ்சித்தவன் கதவை அடைப்பான். பெல்ஜிய நாட்டு லாரியன் நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டுக்கு 17,000 வகை முடிவுகள் உண்டு என்று அதன் படைப்பாளர்கள் அறிவித்தனர். அவை 17,000 தனிக் கதைகள் அல்ல. சிறியவும் பெரியவுமான அத்தகைய நினைவுக் குறிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து உண்டாக்கும் வேறுபாடுகளே.

எழுதப்பட்ட வழியும் சொந்தத் தேர்வும்

'எல்லா வழிகளையும் ஒருவர் எழுதிவைத்திருக்க, இதில் தேர்வு எங்கே இருக்கிறது? ஆடுபவர் ஏமாற்றப்படுகிறார், அவ்வளவே' என்று சிலர் கூறுவர். இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எழுதப்படாத மூன்றாவது வழியை ஆடுபவர் எவ்வளவு விரும்பினாலும் அடைய முடியாது.

ஆனால் நம் வாழ்வை எண்ணிப் பார்ப்போம். நாம் நிற்கும் நாற்சந்தியை நாமா அமைத்தோம்? பிறந்த வீடும், வாய்த்த காலமும், எதிரே வந்து நிற்கும் இக்கட்டும் நாம் தேர்ந்தவை அல்ல. கடன்பட்ட நண்பன் வாசலில் நிற்கிறான்; கையில் இருப்பதோ மகளின் கல்விக்கு வைத்த பணம். இந்நிலையை நாம் உண்டாக்கவில்லை. இதிலிருந்து செல்லும் வழிகளும் ஒன்றிரண்டே. ஆயினும் எந்த வழியில் சென்றோம் என்பதற்கு நாமே விடை சொல்ல வேண்டியவர்கள். வழிகளின் எண்ணிக்கையோ அவற்றை வகுத்தவர் யார் என்பதோ தேர்வைத் தேர்வாக்குவதில்லை. எதற்காக இவ்வழியில் சென்றோம் என்ற எண்ணமே அதைச் செய்கிறது.

இவ்விடத்தில்தான் கணினியின் குறை புலப்படுகிறது. இருவர் ஒரே கைதியை விடுவிக்கின்றனர். ஒருவர் இரக்கத்தால் விடுவிக்கிறார். மற்றவரோ, பின்னால் பரிசு கிடைக்கும் என்ற கணக்கால் விடுவிக்கிறார். கணினி இருவருக்கும் ஒரே குறிப்பையே எழுதிக்கொள்கிறது. நம் வீடுகளில் நிய்யத்து என்று சொல்கிறோமே, அந்த உள்ளெண்ணத்தை அது அறியாது. செயலை மட்டுமே அறியும்.

எண்ணப்படும் நற்பண்பு

ரிச்சர்ட் கேரியட் என்பவர் 1985இல் 'அல்டிமா 4' என்ற விளையாட்டை உருவாக்கினார். அதற்கு முந்தைய விளையாட்டுகளில் தீயவன் ஒருவனைக் கொன்றால் வெற்றி. அதற்காகக் கடைகளில் திருடலாம், வழியில் வந்தவரையும் வெட்டலாம். கேரியட் அதை மாற்றினார். நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டுப் பண்புகளில் நிறைவடைவதே ஆட்டத்தின் இலக்கு என்றார். இறுதியில் வெல்லப்பட வேண்டிய கொடியவன் எவனும் அதில் இல்லை.

அவ்விளையாட்டில் கண் தெரியாத மூலிகை வணிகர் ஒருவர் வருகிறார். அவர் விலையைச் சொல்வார். நாணயங்களை எண்ணி வைப்பவர் ஆடுபவரே. குறைத்து வைத்தாலும் வணிகர் அறியமாட்டார், சரக்கும் கிடைத்துவிடும். ஆட்டம் அப்போது ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் நேர்மையின் கணக்கு ஓசையின்றிக் குறைந்துவிடும். யாரும் காணாதபோது நாம் யாராக இருக்கிறோம் என்ற வினாவை இதைவிட எளிமையாக ஒரு விளையாட்டுக்குள் வைத்துவிட முடியாது.

ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. கணக்கின் விதியை அறிந்துகொண்ட அன்றே ஆடுபவர் மாறிவிடுகிறார். பிச்சைக்காரருக்கு நாணயம் கொடுத்தால் இரக்கம் உயரும் என்று தெரிந்துவிட்டால், அவர் பிச்சைக்காரரைத் தேடி அலைவது இரக்கத்தால் அன்று, உயர்வுக்காக. பின்வந்த விளையாட்டுகள் பல இக்கணக்கை மறைக்கவும் இல்லை. 2004இல் வெளிவந்த 'ஃபேபிள்' விளையாட்டில் நன்மை செய்தவன் தலையைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். தீமை செய்தவனுக்குக் கொம்பு முளைக்கும். 2010இல் வெளிவந்த 'மாஸ் எஃபெக்ட் 2' என்னும் விண்வெளிக் கதையிலோ, ஒரு பக்கத்து மதிப்பெண் மிகுந்தால்தான் சில பேச்சுகளே திறக்கும். விளைவு யாது? ஆடுபவர் ஒவ்வொரு வழக்கையும் அதனதன் நியாயப்படி ஆராய்வதை விட்டுவிடுகிறார். தொடக்கத்திலேயே ஒரு பக்கத்தைத் தீர்மானித்து, கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கத்துப் பொத்தானையே அழுத்திச் செல்கிறார். நன்மையைப் போதிக்க வைத்த அளவுகோல், நன்மையைப் பற்றிச் சிந்திக்கும் தேவையையே நீக்கிவிட்டது. புகழுக்காகக் கொடை கொடுக்கும் செல்வரை நாம் அறிவோம் அல்லவா? அந்நோய் இங்கேயும் தொற்றுகிறது.

திரும்பப் பெறும் செயல்

மூன்றாவது வினா இன்னும் ஆழமானது. கணினி விளையாட்டில் ஆட்டத்தை எவ்விடத்திலும் பதிவு செய்து வைத்துக்கொண்டு, முடிவு பிடிக்காவிட்டால் பழைய பதிவுக்குத் திரும்பலாம். இறந்தவன் எழுவான், சொன்ன பொய் சொல்லப்படாததாகும். மனித வாழ்வில் இல்லாத சலுகை இது. 'அன்று அந்தச் சொல்லைச் சொல்லாதிருந்தால்' என்று வருந்தாத மனிதர் உண்டோ? அந்த வருத்தம் இருப்பதால்தான் அடுத்த முறை நாவை அடக்குகிறோம். திரும்பப் பெறலாம் என்றால் நாவை அடக்குவானேன்?

இந்த இக்கட்டை நல்ல எழுத்தாளர்கள் உணர்ந்தே இருக்கின்றனர். போலந்து நாட்டில் உருவாகி 2007இல் வெளிவந்த 'தி விட்சர்' விளையாட்டில், தான் காவல் காக்கும் சரக்கைக் கலகக் கூட்டம் ஒன்றிடம் கொடுப்பதா, மறுத்துப் போரிடுவதா என்று ஆடுபவர் முடிவு செய்ய வேண்டும். கொடுத்துவிட்டால் அப்போது ஒரு கேடும் இல்லை. பல மணிநேர ஆட்டத்துக்குப் பின், நகரில் தேடிச் சென்ற ஒருவன் அக்கூட்டத்தாரால் கொல்லப்பட்டுக் கிடக்கக் காண்கிறார். பழைய பதிவுக்குத் திரும்பலாம் என்றால் அத்தனை மணிநேர உழைப்பும் வீண். ஆகவே செய்ததைச் சுமந்துகொண்டே அவர் முன்செல்கிறார். டோபி ஃபாக்ஸ் என்பவர் 2015இல் வெளியிட்ட 'அண்டர்டேல்' வேறு வழியைக் கைக்கொண்டது. தாயைப் போல் அன்பு காட்டிய ஒருத்தியைக் கொன்றுவிட்டு, மனம் வருந்தி, பழைய பதிவுக்குத் திரும்பி அவளை உயிரோடு விட்டாலும், நீ முன்பு செய்தது எனக்குத் தெரியும் என்று ஆட்டத்தின் உள்ளிருந்தே ஒரு குரல் இடித்துரைக்கிறது.

இவற்றுள் நம் சிந்தையை மிகவும் தொட்டது 1999இல் வெளிவந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்'. அதன் நாயகனுக்குப் பெயர் இல்லை; சாவும் இல்லை. ஒவ்வொரு முறை வீழும்போதும் மீண்டும் எழுகிறான். முந்தைய பிறவிகளில் தான் வஞ்சித்தவர்களை ஒவ்வொருவராகச் சந்திக்கிறான். அவன் மறந்துவிட்டான், அவர்கள் மறக்கவில்லை. இறுதியில் ஓர் உண்மை வெளியாகிறது. அவன் சாவாமல் எழுந்த ஒவ்வொரு முறையும், அவனுக்குப் பதிலாக வேறொருவர் எங்கோ இறந்திருக்கிறார். தன் பெரும் பாவங்களுக்கு ஈடு செய்யக் காலம் போதாது என்று அஞ்சியே அவன் முதலில் சாவாமையைத் தேடினான். அந்தச் சாவாமையே அவன் பாவத்தைப் பெருக்கிற்று. நாம் தப்பிக்கும் விளைவை வேறு யாரோ ஏற்கின்றனர் என்ற இவ்வுண்மைக்குக் கற்பனை நாடு வேண்டியதில்லை. வணிகத்தில் நட்டத்தைப் பங்காளியின் தலையில் கட்டியவரும், வீட்டில் தம் கோபத்தை மனைவி மக்கள் மேல் இறக்கியவரும் இதை அறிவர்.

தீய வழியையும் எழுதலாமா?

'பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தில் தீய வழியை ஏன் வைக்க வேண்டும்? நல்லதை மட்டும் எழுதினால் ஆகாதா?' என்று பெற்றோர் கேட்பர். கேள்வி நியாயமானதே. கொலையைச் சிரிப்பாகவும் களவைச் சாமர்த்தியமாகவும் காட்டி, விளைவு எதையும் காட்டாத விளையாட்டுகள் சந்தையில் உள்ளன. அவற்றைப் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டாம் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

எனினும் மறுக்க முடியாத இடத்தில் ஒப்புக்கொண்டவனை நேர்மையாளன் என்று யாரும் சொல்வதில்லை. குறைத்து வைக்கும் வாய்ப்பு இல்லாவிட்டால், மூலிகை வணிகரிடம் சரியாக எண்ணி வைத்ததில் சிறப்பில்லை. தீய வழியை எழுதுவது குற்றமாகாது. அவ்வழியில் சென்றால் யார் அழுவார் என்பதை எழுதாமல் விடுவதே குற்றம். நல்ல வழிக்கும் இது பொருந்தும். 2015இல் வெளிவந்த 'தி விட்சர் 3' விளையாட்டில், மரத்தடியில் சிறைப்பட்ட ஓர் ஆவியை விடுவித்தால் ஆதரவற்ற குழந்தைகள் பிழைக்கின்றனர். ஆனால் ஓர் ஊர் அழிகிறது, ஒரு குடும்பமும் சிதைகிறது. விடுவிக்க மறுத்தால் ஊர் தப்புகிறது, குழந்தைகள் மடிகின்றனர். ஒளிவட்டமும் கொம்பும் இங்கே இல்லை. நல்லெண்ணம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும், அறிவுக்கும் எட்டாதவை உண்டு என்ற பணிவை ஆடுபவர் அவ்விடத்தில் பெறுகிறார்.

முடிவாக

விளையாட்டில் தீய வழியைத் தெரிந்த இளைஞன் தீயவன் ஆகிவிட்டான் என்று நாம் அஞ்ச வேண்டியதில்லை. நாடகத்தில் கொலைகாரனாக நடித்தவரைச் சிறையில் அடைப்பதில்லை. அஞ்ச வேண்டியவை வேறு இரண்டு. நன்மையை ஆதாயக் கணக்காக எண்ணும் பழக்கம் ஒன்று. எந்தச் செயலையும் அழித்து எழுதிவிடலாம் என்ற மயக்கம் மற்றொன்று. இவ்விரண்டும் திரையைத் தாண்டி வெளியே வரக்கூடியவை.

இதற்குத் தடை மட்டும் மருந்தாகாது; பேச்சும் வேண்டும். நம் பிள்ளைகளின் அருகே சற்று அமர்வோம். 'வென்றாயா?' என்று கேட்பதோடு நில்லாமல், 'அந்தக் கைதியை ஏன் விடுவித்தாய்? பரிசு இல்லாவிட்டாலும் விடுவித்திருப்பாயா? அதனால் யாருக்கு என்ன ஆயிற்று?' என்றும் கேட்போம். கணினியால் கேட்க இயலாத கேள்விகள் இவை. உள்ளத்தில் இருப்பதைக் கேட்டறியும் கடமை வீட்டாருக்கே உரியது. அவ்வாறு கேட்கப் பழகிய வீட்டில், விடை சொல்லப் பழகிய பிள்ளை, நாளை உண்மையான நாற்சந்தியில் நிற்கும்போது அவ்வினாக்களைத் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் என்பது நம் நம்பிக்கை.