கண்ணப்பரின் கையைப் பிடித்த கை



நம்ம கிளையின் வெள்ளிக்கிழமை வகுப்பில் கண்ணப்ப நாயனார் வரலாற்றைப் பேச என் முறை வந்தது. இயந்திரப் பொறியியல் படிக்கிறவனுக்குச் சொற்பொழிவு எங்கே வரப்போகுது என்று தங்கை கேலி செய்தாள். அவள் சொன்னது பாதி உண்மை, பேசும்போது இரண்டு இடத்தில் திணறினேன். ஆனாலும் அன்று பேசியதை எழுதித் தரச் சொன்னார்கள். மேடையில் சொல்லாமல் விட்ட ஒன்றை, அம்மாவிடம் அனுமதி கேட்டு, இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

அம்மா ஈப்போவுக்கு வெளியே ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, துணி மாற்றுவது, படுத்தே கிடப்பவர்களைப் புரட்டி விடுவது, இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இன்சுலின் போடுவது, எல்லாம் அவங்க வேலை. ஒருநாள் இரவு ஒரு அய்யாவுக்கு ஊசி போட்டுவிட்டு, ஊசி முனைக்கு மூடியைத் திரும்பப் போடும்போது விரலில் குத்திவிட்டது. கழுவித் துடைத்து, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாங்க. யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பது நாள் கழித்து, என் பாடத்துக்காக வேலையிட விபத்துகளைப் பற்றி வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னாங்க. நான் பதறினேன். அம்மா சிரிச்சாங்க. "ஒன்னும் ஆவாது அய்யா, சாமி பாத்துக்கும். சொன்னா வேலைய விட்டு நிப்பாட்டிடுவாங்க."

இந்த இரண்டு வாக்கியமும் சேர்ந்து வந்ததைக் கவனியுங்கள். முதலாவது பக்தி, இரண்டாவது பயம். நம் வீடுகளில் பல நேரம் பயம் பக்தியின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறது.

கண்ணப்பரைப் பேச எனக்குக் கொடுத்தது அந்த வாரம்தான். அதனாலோ என்னவோ, சின்ன வயதிலிருந்து கேட்ட கதையை வேறு மாதிரி படித்தேன்.

காளத்தி நாதரின் வலக்கண்ணில் ரத்தம் வடிகிறது. திண்ணனார் துடித்துப் போகிறார். கண்ணை எடுத்து அப்பினார் என்பதை நாம் அறிவோம். ஆனால் சேக்கிழார் காட்டும் வரிசையைப் பாருங்கள். எடுத்த எடுப்பில் அவர் கண்ணைத் தோண்டவில்லை. இதைச் செய்தது யார், மனிதனா விலங்கா என்று வில்லை எடுத்துக்கொண்டு தேடுகிறார். யாரும் கிடைக்கவில்லை. அடுத்து, தனக்குத் தெரிந்த பச்சிலைகளைப் பறித்து வந்து பிழிந்து பார்க்கிறார். ரத்தம் நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான், ஊனுக்கு ஊனே மருந்து என்று கேட்டது நினைவுக்கு வருகிறது. அம்பால் தன் கண்ணை எடுத்து அப்புகிறார். ரத்தம் நிற்கிறது. இடக்கண்ணில் வடியத் தொடங்கியதும், இன்னொரு கண்ணையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாதே என்று முன்கூட்டியே காலை ஊன்றி அடையாளம் வைத்துக்கொள்கிறார்.

காரணத்தைத் தேடு, தெரிந்த மருந்தைப் பார், அடுத்த அடியை யோசித்து வை. எங்கள் பாதுகாப்புப் பாடத்தில் ஆபத்தை மதிப்பிடும் படிவம் ஒன்று உண்டு, 'ஹைராக்' என்போம். அந்தப் படிவத்தை நிரப்பியவர் போலத்தான் அந்த வேடர் எனக்குத் தெரிந்தார். (விரிவுரையாளரிடம் இதைச் சொல்லவில்லை.)

கதை அங்கே முடியவில்லை. இரண்டாவது கண்ணில் அம்பை வைக்கும்போது இறைவன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. லிங்கத்திலிருந்து கை நீண்டு, கண்ணப்பரின் கையைப் பிடித்துத் தடுக்கிறது.

"அப்போ முதல் கண்ணை எடுக்கும்போது ஏன் தடுக்கல?" வகுப்பில் ஒரு தம்பி கேட்டே விட்டான். எனக்குப் பதில் வரவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த திருமுறை ஆசிரியர்தான் காப்பாற்றினார். "முதல் கண்ணு கண்ணப்பரோட அன்பு. ரெண்டாவது கண்ணு சாமியோட அன்பு. நீங்க முதல் பாதியை மட்டும் சொல்லிட்டு இறங்கிடுறீங்க."

அம்மா வேலையைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் எனக்கு வேண்டியது அதில் கிடைத்தது. சேவை செய்பவரின் உடம்பும் சாமிக்கு வேண்டியதுதான். அது கெட்டுப் போவதை அவர் கேட்கவில்லை, கையை நீட்டித் தடுக்கிறார். சாமி பாத்துக்கும் என்று அம்மா சொன்னது சரி. எப்படிப் பாத்துக்கும் என்பதில்தான் தவறு. ஊசியைப் போடும் பெட்டியாக, தடுப்பூசியாக, "அக்கா, உடனே போய்ச் சொல்லுங்க" என்று சொல்லும் சக ஊழியராக அந்தக் கை நீளலாம். நாம் அதைத் தட்டிவிடாமல் இருக்க வேண்டும்.

கொஞ்சம் பொறியியல் பேசிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆபத்தைத் தடுக்கும்போது முதலில் ஆபத்தையே நீக்கப் பார்க்கணும். முடியாவிட்டால் கருவியையும் முறையையும் மாற்றணும். கையுறை, முகக்கவசம் எல்லாம் கடைசிக் காவல். மெல்லிய கையுறை ஊசியைத் தடுக்காது. போட்ட ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாமல், கைக்கெட்டும் தூரத்தில் வைத்த மஞ்சள் நிறக் கெட்டிப் பெட்டியில் நேராகப் போட்டால், அந்தக் குத்தே நடக்க வழியில்லை. அம்மா வேலை செய்த அறையில் அந்தப் பெட்டி இல்லை. ஒரு பழைய மைலோ டின் இருந்தது.

குத்திவிட்டால் ஓடும் தண்ணீரிலும் சவுக்காரத்திலும் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. கிருமிக்கு எதிரான மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். ஹெப்படைட்டிஸ் பி அதைவிட எளிதாக ஊசி வழியே தொற்றும், ஆனால் அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. நம் நாட்டில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு அதைப் போடுகிறார்கள், ஆகவே இதைப் படிக்கும் உங்களில் அநேகருக்குப் போட்டிருப்பார்கள். அம்மா அதற்கு முந்திய தலைமுறை. அம்மா பேசாமல் இருந்த ஒன்பது நாளில் அந்த 72 மணி நேரம் மூன்று முறை கடந்துபோயிருந்தது.

தைப்பூசத்தில் ஒருவருக்குக் குத்திய அலகை இன்னொருவருக்குக் குத்த நம்ம குழுவில் யாராவது விடுவோமா? கல்லுமலையில் அவ்வளவு கூட்டத்திலும் அலகுத் தட்டைத் தனியாக ஒருவர் காவல் காக்கிறார். ஊசிக்கு மரியாதை கொடுக்க நமக்குத் தெரியும். கோயிலுக்கு வெளியே வந்தால் மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

இது ஏதோ மேல்நாட்டுச் சட்டம் என்று நினைக்காதீர்கள். அம்மா பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே லயமும் இல்லை, பால்மரமும் இல்லை, மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. பாட்டி அங்கே ஆயாக் கொட்டகையில் ஆயா. பெரட்டு முடிந்து வெட்டுக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை அவரிடம் விட்டுப் போவார்கள். வேலை முடிந்து வரும் தாயின் கையில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். மருந்து அடித்தவளின் கையில் அதைவிட மோசமானது இருக்கும். (அந்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட்டை நம் நாடு தடை செய்தது 2020-இல்தான்.) பாட்டி வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீரும் சவுக்காரமும் வைத்திருப்பாராம். கை கழுவாமல் யாரும் பிள்ளையைத் தொடக் கூடாது. மண்டோர் சம்சாரமாக இருந்தாலும் அதே சட்டம்தான். பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை.

நம்ம ஊரோடு சேர்ந்த இன்னொரு செய்தியும் உண்டு. 1998 செப்டம்பர் கடைசியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் ஒரு மூளைக் காய்ச்சல் தொடங்கியது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முதலில் நினைத்துப் புகை அடித்தார்கள். 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் அது புதிய கிருமி என்று கண்டுபிடித்தார்கள். நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு அமைந்தது. நாடு முழுதும் 265 பேருக்கு நோய் கண்டது, 105 பேர் இறந்தார்கள்.

அதே நிப்பா 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் தோன்றியது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் முதல் நோயாளிகளைக் கவனித்த தாதி லினி புதுச்சேரி, இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய், மே 21-ஆம் தேதி அதே நோயில் இறந்தார். தொற்றுப் பயத்தால் உடலைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. அவர் அந்த நோயாளியைத் தொட்டபோது அது நிப்பா என்று யாருக்கும் தெரியாது. அவரிடம் குற்றம் காண நான் இதை எழுதவில்லை. கிருமி தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதனால்தான் யாருடைய ரத்தமாக இருந்தாலும், எச்சிலாக இருந்தாலும் தொற்று உள்ளதாகவே எண்ணிக் கையாள வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இவரைப் பார்த்தால் சுத்தமானவர் மாதிரி இருக்கே, இவர் நம்ம ஆள்தானே என்று பிரித்துப் பார்க்க அதில் இடமில்லை.

பிறருக்குச் சொல்லும் எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. போன தீபாவளிக்கு ஒரு முதியோர் இல்லத்துக்கு முறுக்கும் வேட்டி சேலையும் கொண்டு போனோம். எனக்கு முதல் நாளிலிருந்தே காய்ச்சல், இருமல். வராவிட்டால் சேவையைத் தட்டிக் கழித்தான் என்று பேசுவார்களே என்று இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு போனேன். ஒவ்வொரு தாத்தாவின் கையையும் பிடித்து, படம் எடுத்து, காதருகே குனிந்து பேசினேன். அடுத்த வாரம் அவர்களில் ஒருவரை நுரையீரல் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்த்தார்கள். என்னால்தானா என்பது தெரியாது. திரும்பி வந்துவிட்டார். ஆனால் அந்தப் படத்தை என்னால் இன்னும் திறந்து பார்க்க முடியவில்லை. அன்று என் சேவை வீட்டில் படுத்திருப்பதுதான்.

சட்டமும் இரண்டு பக்கத்தையும்தான் சொல்கிறது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-இல் 24-ஆம் பிரிவு ஊழியருக்கு உரியது. தன்னையும், தன் செயலால் பாதிக்கப்படக்கூடிய மற்றவரையும் கவனத்தோடு காக்க வேண்டும், கொடுத்த பாதுகாப்புக் கருவியைப் பயன்படுத்த வேண்டும், பாதுகாப்பு விஷயத்தில் முதலாளியோடு ஒத்துழைக்க வேண்டும். அந்தக் கருவியையும் பயிற்சியையும் தருவது முதலாளியின் கடமை, பெட்டி இல்லாத அறையில் பாதிப் பழி ஊழியருக்கு என்று யாரும் சொல்ல வேண்டாம். புகார் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 27-ஆம் பிரிவு தடுக்கிறது. 2024 ஜூன் முதல் நடப்புக்கு வந்த திருத்தம், கண்முன்னே ஆபத்து இருந்தால் அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமையையும் தந்திருக்கிறது. வீட்டு வேலையாட்களை இந்தச் சட்டம் வெளியே விட்டிருக்கிறது. ஒரே ஒரு பாட்டியை அவர் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் அதில் அடங்கலாம், எனக்கு இது நியாயமாகப் படவில்லை. சொக்சோ பாதுகாப்பு அவர்களுக்கும் 2021 ஜூனில் வந்தது. உங்கள் அம்மா, அக்கா இப்படி வேலை செய்தால் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

27-ஆம் பிரிவை அம்மாவுக்கு நான் படித்துக் காட்டினேன். நம்பவில்லை. "சட்டம் ஒன்னாந்தேதி சம்பளம் குடுக்குமா?" என்று கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அதனால் திருமுறை ஆசிரியர் சொன்ன இரண்டாவது கண்ணைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாங்க. மறுநாள் காலை பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னாங்க, நான் வெளியே மோட்டாரில் காத்திருந்தேன். திட்டு விழுந்தது, வேலை போகவில்லை. அந்த வாரமே மஞ்சள் பெட்டி வந்தது.

அரசாங்க கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள், ஆறு வாரத்தில் ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை. அந்த மூன்று மாதமும் அம்மா தன் தட்டையும் குவளையையும் எங்களிடமிருந்து பிரித்து வைத்தாங்க. அப்படித் தொற்றாது என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. முடிவு நல்லபடியாக வந்தது. ஹெப்படைட்டிஸ் தடுப்பூசியில் இரண்டு போட்டாச்சு. மூன்றாவது அடுத்த மாதம், செவ்வாய்க்கிழமை. எனக்கு அன்று வகுப்பு இருக்கு. நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.