யார் சொல்லுவது?

1980-ம் ஆண்டு ஜனவரிக் கடைசியில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸ் என்பவரோடு காட்சிப் போட்டி ஒன்று ஆடினார். ஜனங்கள் திரளாய்க் கூடிப் பார்த்தார்கள். மூன்று முறை உலகப் பட்டம் வென்ற அவர் அப்பொழுது ஓய்வு பெற்றவர், வயது 38. அந்த ஓய்வு நிலைத்திருக்கலாம்!

நிலைக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி லாஸ் வேகாஸ் நகரில் லாரி ஹோம்ஸை எதிர்த்து மேடை ஏறினார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அவருக்கே பயிற்சித் துணையாக இருந்தவர். பத்துச் சுற்று அடி வாங்கினார் அலி. அதோடும் விடவில்லை. 1981 டிசம்பர் 11-ந் தேதி பஹாமாஸ் தீவுகளில் டிரெவர் பெர்பிக்கிடம் தோற்றார். பெர்பிக் பலசாலிதான், ஆனால் பழைய அலியின் முன் நிற்கக்கூடியவர் அல்லர். ஏற்பாடுகளும் அலங்கோலம். சுற்றுக்கு அடிக்க ஒழுங்கான மணிகூட இல்லை; மாட்டு மணியை வைத்து ஒப்பேற்றினார்கள். 1984-ல் அவருக்குப் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் இருப்பதாக வைத்தியர்கள் சொன்னார்கள்.

எளியவனிடம் தோற்பது அவமானமா? இல்லை. வயது எல்லோரையும் தோற்கடிக்கும். ஆனால் இந்த மனிதரை அந்த மேடைவரை போகவிட்டவர்கள் யார் என்று கேட்கத்தான் வேண்டும். அவருடைய வைத்தியர் பச்சேகோ 1977-லேயே சிறுநீரகம் கெடுகிறதென்று எச்சரித்தார். கேட்பார் இல்லாததால் விலகிப் போனார். மற்றவர்களுக்கு அவரால் பிழைப்பு நடந்தது. நம்மைப் போன்ற ரசிகர்களுக்கோ இன்னும் ஒரு தடவை பார்க்கும் ஆசை.

நம் மேலூர்ப் பக்கத்தில் மஞ்சுவிரட்டுக் காளை வளர்ப்பவரைக் கேட்டுப் பாருங்கள். கால் தளர்ந்த காளையை வாசலில் விட அவருக்கு மனம் வராது. காளைக்கு அவர் இருக்கிறார். மனிதனுக்கு யார் இருக்கிறார்?

தாவீது அரசனுக்கு இருந்தார்கள். கோலியாத்தை வீழ்த்திய அதே தாவீது, பிற்காலத்தில் பிலிஸ்தியரோடு போரிடுகையில் களைத்துப்போனார். பகைவன் ஒருவன் அவரைக் கொல்ல நெருங்கினான். அபிசாயி குறுக்கே பாய்ந்து காப்பாற்றினான். பிறகு வீரர்கள் கூடி, இனி நீர் எங்களோடு போருக்கு வரலாகாது என்று ஆணையிட்டே சொல்லிவிட்டார்கள். கிழவர் என்றா சொன்னார்கள்? இஸ்ராயேலின் விளக்கு அணைந்துவிடக்கூடாது என்றார்கள்.

நம் வீடுகளில் அப்படிச் சொல்லுகிறோமா? பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்தவுடன், பார்வை மங்கிய தகப்பனார் இருட்டில் மண்வெட்டியோடு கிளம்புகிறார். வேலை நடந்தால் சரியென்று ஒரு மகன் பேசாதிருக்கிறான். "வயசான காலத்தில் சும்மா கிடக்க மாட்டீரா?" என்று இன்னொரு மகன் எரிந்து விழுகிறான். முதலாமவன் மரியாதைக்காரன் என்று ஊரார் நினைப்பதுதான் வேடிக்கை. அருகில் உட்கார்ந்து, "அய்யா, மடையை நான் பார்த்துக்கொள்ளுகிறேன், எந்த வயலுக்கு எப்போது பாய்ச்சுவதென்று நீங்கள் சொல்லுங்கள்" என்பதற்கு மூன்றாவது மகன் ஒருவன் வேண்டும். தகப்பனார் கோபிப்பார், இரண்டு நாள் பேசாமலும் இருப்பார். அந்தக் கோபத்தைத் தாங்கப் பயந்துதான் பலர் வாயைத் திறப்பதில்லை.

ஹோம்ஸோடு நடந்த சண்டையில் பத்தாம் சுற்று முடிந்ததும், பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ போதும் என்று நிறுத்தச் சொன்னார். பக்கத்தில் நின்ற உதவியாளர் பண்டினி பிரவுன், இன்னும் ஒரே ஒரு சுற்று என்று கெஞ்சி அவர் உடையைப் பிடித்து இழுத்தார். இருவருமே நெடுங்காலம் அலியோடு இருந்தவர்கள். இருவருக்குமே அவர்மேல் பிரியம் உண்டு. டண்டீ இணங்கவில்லை. அலி முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.