எந்தத் தெரு?

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் யாரும் என் சாதியைக் கேட்கவில்லை. ஊரைக் கேட்டார்கள். சொன்னேன். "ஊர்ல எங்க?" என்றார்கள். படித்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். "மாரியம்மன் கோயில் தெரு" என்றேன். எங்க காலனியிலும் ஒரு மாரியம்மன் இருக்கிறாள், கூரைக் கொட்டகையில். ஆகவே முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் கேட்டவன் எந்தக் கோயிலை நினைத்துக்கொண்டான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

"போற எடத்துல அனுசரிச்சிப் போப்பா" என்று சொல்லித்தான் அம்மா பஸ் ஏற்றிவிட்டாள். அனுசரித்தேன். மெஸ்ஸில் மாட்டுக்கறியைப் பற்றிக் கிண்டல் வந்தால் மற்றவர்களோடு நானும் சிரித்தேன். ஸ்காலர்ஷிப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போய் என் பெயரைத் தேடினேன். வகுப்பில் புறநானூறு நடந்தது. இழிசினன் என்ற சொல்லுக்கு உரைகாரர் சொன்ன பொருளைச் சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த அடிக்குப் போய்விட்டார். நான் தலை குனிந்து அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

இது பொய்தானா? வெகுநாள் இதை யோசித்திருக்கிறேன். குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் இருக்கத்தக்கது என்கிறார் வள்ளுவர். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இப்படி ஒரு சமாதானம் கைவசம் எப்போதும் இருக்கும். அதைவிட எனக்குப் பட்டது வேறு. உண்மையைக் கேட்கிறவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறான்? தட்டைத் தள்ளிவைத்துக்கொள்ளப் போகிறான். அவனுக்கு அந்த உண்மையை நான் ஏன் கொடுக்க வேண்டும்? தெருவைக் கேட்பது அறிந்துகொள்ள அல்ல, தரம் பிரிக்க. அந்தக் கேள்வியே ஒரு வன்முறை என்றால், பதிலில் மட்டும் அறத்தை எதிர்பார்ப்பது யாருடைய அறம்?

அண்ணல் அம்பேத்கரும் இந்த இடத்தில் நின்றிருக்கிறார். கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதி, நாளைக்கு ஒன்றரை ரூபாய்க்குத் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு வந்து நின்றார்கள். வெளியேறியவர் ரயில் வரும்வரை ஒரு பூங்காவில் பொழுதைக் கழித்தார். இதையெல்லாம் அவரே எழுதிவைத்திருக்கிறார். மறைத்ததால் வந்தது என்பீர்களா? ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா எதையும் மறைக்கவில்லை. அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் வெளிப்படையாகவே நின்றார். அவரோடு சேர்த்து ஐந்து பேரை விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். 2016 ஜனவரி 17 அன்று அவர் இறந்தார். சொன்னாலும் விடுதி இல்லை, சொல்லாவிட்டாலும் இல்லை. இதில் நீ ஏன் உண்மை பேசவில்லை என்று எங்களிடம் மட்டும் கணக்குக் கேட்கிறார்கள்.

இதுவரைக்கும் என் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே இன்றும் நம்புகிறேன். இடறுகிற இடம் இனிமேல்தான்.

இரண்டாம் ஆண்டில் பக்கத்து ஊர்க் காலனிப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். என் அத்தை வீட்டுக்கு எதிர்வீடு. சட்டையில் அம்பேத்கர் பேட்ஜ் குத்தியிருந்தான். மெஸ் வரிசையில் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "அண்ணா, நீங்க இங்கதான் இருக்கீங்களா!" என்று ஓடிவந்தான். என் பின்னால் மாரியம்மன் கோயில் தெருவை நம்பியவர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"யாரு தம்பி நீ?" என்றேன்.

அவனுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்துவிட்டது. அதுதான் தாங்க முடியாதது. "இல்லீங்க சார், ஆள் மாறிப் போச்சி" என்று சொல்லிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனான். என்னைக் காப்பாற்ற அவனும் ஒரு பொய் சொல்லிவிட்டுப் போனான். அவனைத் தனியாகத் தேடிப்போய்ப் பேச எனக்கு ஒரு மாதம் ஆனது. பேசினான். அண்ணா என்று மட்டும் அதன்பிறகு கூப்பிடவில்லை.

சாதி கேட்டவனுக்குச் சொன்ன பொய்க்கு எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பொய் ஒருநாளோடு நிற்காது, தினமும் தீனி கேட்கும், தீனி நம் ஆட்களிடமிருந்துதான் போகும் என்று அப்போது தெரியவில்லை.

இப்போது ஒவ்வொரு ஆண்டும் கல்லூரி திறக்கும் சமயத்தில் புதிதாகச் சேரும் நம் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பேசுகிறோம். சான்றிதழ், உதவித்தொகை, யாரிடம் புகார் தருவது எல்லாம் சொல்கிறோம். போன கூட்டத்தில் நடவு வேலையை விட்டுவிட்டு வந்திருந்த ஒரு அம்மா எழுந்தார். "எந்தத் தெருன்னு கேட்டா எம்பொண்ணு என்னா சாமி சொல்லணும்?" என்றார். அந்தப் பெண் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.