பாதரசத்துக்கு மேலே என்ன இருந்தது?

1648 செப்டம்பர் 19, சனிக்கிழமை. பிரான்சின் நடுப்பகுதியில், பழைய எரிமலைகள் சூழ்ந்த கிளெர்மோன் நகரம். மினிம் துறவியரின் மடத்துத் தோட்டத்தில் காலையிலேயே சிலர் கூடிவிட்டார்கள். பாதிரியார்கள் இருவர், நீதிமன்ற ஆலோசகர்கள் இருவர், வைத்தியர் ஒருவர். கூட்டியவர் ஃப்ளோரின் பெரியே. அவருடைய மைத்துனர் பிளேஸ் பாஸ்கல் பாரிசிலிருந்து கடிதம் எழுதி இந்த வேலையை ஒப்படைத்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. பாஸ்கலுக்கு அப்போது வயது 25.

நான்கடி நீளக் கண்ணாடிக் குழாய்கள் இரண்டு. பாதரசத்தை விளிம்புவரை நிரப்பி, வாயை விரலால் அடைத்து, பாதரசத் தொட்டியில் கவிழ்த்து விரலை எடுத்தார் பெரியே. இரண்டிலும் பாதரசம் கொஞ்சம் இறங்கி ஒரே உயரத்தில் நின்றது. இன்றைய அளவில் 712 மில்லிமீட்டர். ஒரு குழாயைத் துறவி ஒருவரிடம் விட்டு, நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். மற்றதைத் தூக்கிக்கொண்டு பூய்-த-டோம் மலையில் ஏறினார்கள். உச்சியில் பாதரசம் 627 மில்லிமீட்டரில் நின்றது. பெரியேவுக்கு நம்பிக்கை வரவில்லை. அங்கிருந்த சிறு கோயிலுக்குள், வெட்டவெளியில், காற்றில், மறைவில், மூடுபனியில் என்று ஐந்து முறை செய்து பார்த்தார். அதே அளவு. இறங்கி வந்து கேட்டால், மடத்திலிருந்த குழாய் காலை முதல் அசையவேயில்லை என்றார் துறவி.

இந்த 85 மில்லிமீட்டர் வித்தியாசம் இன்று பள்ளி இயற்பியலில் ஒரு சிறு கணக்கு. அன்று அது கடவுள், படைப்பு, இன்மை மூன்றையும் தொட்ட வழக்கு.

வழக்கின் மூலம் அரிஸ்டாட்டில். வெற்றிடம் என்று ஒன்று இருக்கவே முடியாது என்றார் அவர். அந்தக் கருத்து பின்னாளில் பல்கலைக்கழகங்களில், இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது என்ற வாசகமாக நிலைத்தது. உறிஞ்சினால் தண்ணீர் ஏன் ஏறுகிறது? வெற்றிடம் உண்டாகிவிடக் கூடாது என்பதற்காக. தண்ணீருக்கு ஒரு நோக்கம் இருந்தது. அந்த நோக்கத்தை வைத்தவர் கடவுள். எல்லாம் சரியாகப் பொருந்தியிருந்தது, ஒன்றைத் தவிர. உறிஞ்சும் பம்பு சுமார் 18 இத்தாலிய முழத்துக்கு, அதாவது ஏறக்குறைய பத்து மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தூக்குவதில்லை என்று 1638இல் கலிலியோ எழுதினார். நம் ஊரில் கிணற்று மேட்டில் மோட்டார் வைத்தவர்களுக்கு இது தெரியும். தண்ணீர் மட்டம் ஆழத்துக்குப் போய்விட்டால் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கத்தான் வேண்டும். பத்து மீட்டர் வரை வெறுத்த இயற்கை பதினோராவது மீட்டரில் ஏன் சமாதானமாகிவிடுகிறது?

1644இல் இத்தாலிய இயற்பியலாளர் டாரிசெல்லி வேறொரு பதில் சொன்னார். உள்ளேயிருந்து எதுவும் இழுக்கவில்லை. வெளியேயிருக்கும் காற்று தன் எடையால் அழுத்துகிறது. தண்ணீரைவிடப் பாதரசம் 13.6 மடங்கு கனமானது என்பதால் அது அந்த அளவுக்குக் குறைந்த உயரத்தில் நிற்கிறது. சரி, குழாயில் பாதரசத்துக்கு மேலே காலியாகத் தெரியும் அந்த இடத்தில் இருப்பது என்ன?

மதம் ஒரு பக்கம், அறிவியல் மறுபக்கம் என்று இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். வரலாறு அவ்வளவு வசதியாக இல்லை. 1277இல் பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்ப்பியே 219 கருத்துகளைத் தடை செய்தார். அவற்றில் ஒன்று, வெற்றிடம் உண்டாகிவிடும் என்பதால் கடவுளால்கூட வானத்தை நேர்கோட்டில் நகர்த்த முடியாது என்பது. கடவுளால் முடியாது என்று சொல்ல அரிஸ்டாட்டில் யார் என்பது ஆயரின் கோபம். ஆக, வெற்றிடம் இருக்கக்கூடும் என்று நினைத்துப் பார்ப்பதற்கான கதவைத் திறந்ததில் திருச்சபைக்கும் பங்குண்டு. மறுபுறம், பழைய தத்துவத்தை உதறிய டெக்கார்ட் வெற்றிடத்தை ஏற்கவில்லை. அவருக்கு இடம் என்பதே பொருள்தான். பொருளில்லாத இடம் என்பது முரண்.

பாஸ்கல் ரூவான் நகரில் ஒரு வேடிக்கை காட்டினார். 46 அடி நீளக் கண்ணாடிக் குழாய்களைக் கப்பல் பாய்மரத்தில் கட்டி, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் திராட்சை மது. மேலேயிருக்கும் இடத்தை ஆவிதான் நிரப்புகிறது என்பது எதிர்த்தரப்பு வாதம். மதுவில் ஆவி அதிகம். எனவே அது தண்ணீரைவிடக் கீழே நிற்க வேண்டும். முதலில் எது எங்கே நிற்கும் என்று அவர்களையே சொல்லவைத்துவிட்டுப் பிறகு குழாயைத் திறந்தார். மது தண்ணீரைவிட இலேசானது. அது உயரமாகவே நின்றது.

இதற்கு மறுப்பு எழுதியவர் எத்தியேன் நோயேல் என்ற இயேசு சபைத் துறவி. அவருடைய கேள்வியை இன்று படித்தாலும் இலேசில் தள்ளிவிட முடியாது. இந்த வெற்றிடம் கடவுளா, படைப்பா? உடலா, ஆவியா? எதுவுமே இல்லையென்றால் அதன் வழியே ஒளி எப்படி வருகிறது? பாஸ்கல் பதில் எழுதினார். கடவுளைப் பற்றிய மறைபொருள்கள் வணங்குவதற்குரியவை, நம் வாதத்துக்குள் இழுத்து மாசுபடுத்தக் கூடாதவை என்றார். 1647 அக்டோபரில் நோயேலுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு விதியும் சொன்னார். ஒரு கருதுகோளோடு கண்டதெல்லாம் ஒத்துப்போவதால் அது உண்மையாகிவிடாது. ஆனால் ஒத்துப்போகாத ஒன்றே ஒன்று கிடைத்தாலும் அது பொய்யாகிவிடும். முதல் வாக்கியம் பக்தனுடையது, இரண்டாவது ஆய்வாளனுடையது. எழுதிய கை ஒன்று.

மலைக் கணக்கை இன்று ஒரு மாணவர் எப்படிப் போடுவார்? பாதரசத்தின் அடர்த்தி கனமீட்டருக்கு 13,600 கிலோ. 0.085 மீட்டர் உயரம் என்றால் சதுர மீட்டருக்கு 1,156 கிலோ. நகரம் சுமார் 400 மீட்டர் உயரத்தில், மலை உச்சி 1,465 மீட்டரில். இடையே இருக்கும் காற்று 1,065 மீட்டர். வகுத்தால் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை 1.09 கிலோ.

மலையின் உயரம் தெரியாமலும் இதே விடைக்கு வரலாம். இரண்டு பாதரச உயரங்களின் சராசரி ஏறக்குறைய 89,200 பாஸ்கல் அழுத்தம். வெப்பநிலை 12 டிகிரி என்று வைத்துக்கொண்டு, நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் காற்றின் மோலார் நிறை 0.029 கிலோவையும் 285 கெல்வினையும் போட்டால் மறுபடியும் 1.09 கிலோ. (கெல்வினாக மாற்ற மறந்து 12 என்றே போட்டுவிட்டால் ஒரு கனமீட்டர் காற்று 26 கிலோ கனக்கும். தேர்வில் நிறையப் பேர் சறுக்கும் இடம் இதுதான்.) இந்த இரண்டாவது வழியின் தொடக்கமும் ஒரு துறவியோடு நடந்த சண்டைதான். பாதரசத்தை மேலேயிருந்து கண்ணுக்குத் தெரியாத ஓர் இழை பிடித்துத் தொங்கவிடுகிறது என்றார் இயேசு சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் லைனஸ். அதை மறுக்கப் போய்த்தான் ராபர்ட் பாயில் வளைந்த குழாயில் காற்றை அடைத்து அளந்து, 1662இல் தன் விதியை வெளியிட்டார்.

இரண்டு வழியிலும் வெறுப்புக்கு இடமில்லை. வெறுப்புக்கு அலகு கிடையாது. இதனால் உலகில் நோக்கமே இல்லை என்று ஆகிவிடுமா? அப்படிச் சொல்பவர்கள் கணக்கு சொல்லாததைச் சொல்கிறார்கள். பாதரசம் நிற்பதை விளக்க நோக்கம் தேவைப்படவில்லை. கணக்கு அவ்வளவுதான் சொல்கிறது. வெற்றிடம் உண்டு என்பதைப் பாஸ்கல் மலையில் நிரூபித்தார் என்ற பேச்சும் சரியல்ல. நிரூபணமானது காற்றின் எடை. குழாயின் மேல்பகுதியில் பாதரச ஆவி கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. 20 டிகிரியில் அதன் அழுத்தம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அங்கே ஏதோ இருக்கிறது என்ற நோயேலின் பிடிவாதத்தில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. மாணவர் அங்கே பூஜ்ஜியம் என்று எழுதுவது, இந்தக் கேள்விக்கு அது போதும் என்ற முடிவு. அங்கே ஒன்றுமில்லை என்ற தீர்ப்பு அல்ல.

1654 நவம்பர் 23 இரவு பாஸ்கலுக்கு ஓர் ஆன்மிக அனுபவம் நேர்ந்தது. அதை ஒரு தாளில் எழுதி, அங்கியின் உட்புறம் தைத்து வைத்துக்கொண்டார். 1662இல் அவர் இறந்த பிறகுதான் மற்றவர்களுக்கு அது தெரிந்தது. இயற்கையைக் காட்டிக் கடவுளை நிரூபிக்கும் வேலையில் அவர் கடைசிவரை நம்பிக்கை வைக்கவில்லை. பாயில் அப்படியல்ல. கிறிஸ்தவத்தை நிலைநாட்டும் சொற்பொழிவுகளுக்காக உயிலில் பணம் ஒதுக்கினார். 1692இல் முதல் சொற்பொழிவாளர் ரிச்சர்ட் பென்ட்லி, நியூட்டனின் இயற்பியலையே கடவுளுக்குச் சாட்சியாக அழைத்தார். இருவரும் உண்மையான பக்தர்கள். ஆனால் பாஸ்கலின் பாதைதான் உறுதியானது. இயற்பியல் மாறும்போது அதை நம்பி நின்ற சாட்சியும் ஆடும். அங்கியில் தைத்த தாளுக்கு அந்த ஆபத்து இல்லை.

பாரமானிக் கணக்கைக் கரும்பலகையில் போடும் ஆசிரியர்கள், விடைக்குக் கீழே கோடு இழுக்கும் முன், குழாயின் மேலே எழுதிய அந்தப் பூஜ்ஜியத்தைக் காட்டி, இதை யார் அனுமதித்தார்கள் என்று வகுப்பைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கலாம். பதிலுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.