விடியற்காலைத் தெரு

ஓர் ஊர் எதனால் பிழைக்கிறது என்று அறிய விரும்பும் வெளியூர்க்காரருக்குக் கோபுரத்தைவிட விடியற்காலைத் தெருவே நல்ல சாட்சி. ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரம் எந்த நேரத்திலும் தெரியும். ஆனால், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் தொடக்கம் காலையில்தான் கண்ணில் படும்: கைப்பிடியில் கேன் தொங்கும் சைக்கிள்கள், பாலில் மிதக்கவிட்டுத் தரம் பார்க்கும் லாக்டோமீட்டர், கோவா கிண்டுவதற்கு அடுக்கிய விறகு. ராஜபாளையத்தில் நூற்பாலை ஷிப்ட் மாறும் கூட்டம். அருகே சத்திரப்பட்டியில் வெளுத்து உலரப்போட்ட பேண்டேஜ் துணி. தேவதானத்தில் மலையடிவார வயலுக்குக் கிளம்பும் ஆட்கள். பத்து மணிக்கு மேல் இவை சுவர்களுக்குள் போய்விடும். மிஞ்சுவது எல்லா ஊரிலும் இருக்கும் கடைப் பலகைகள்தான்.

ஒரு நடையில் மேற்பரப்பைத்தானே பார்க்க முடியும் என்று கேட்கலாம். கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்பதைத் தெரு சொல்லாது; உண்மைதான். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நம் ஊர்களில் தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்தவை. எந்தத் தெருவில் நடக்கிறோமோ அந்த ஊரைத்தான் பார்க்கிறோம். அதற்காக நடையைக் கைவிட வேண்டியதில்லை, தேர் வீதியோடு திரும்பாமலிருந்தால் போதும். சிமென்ட் சாலை எங்கே முடிகிறது, பொதுக்குழாயில் குடங்கள் எங்கே வரிசை கட்டுகின்றன என்பதைக் காட்ட வழிகாட்டிப் புத்தகம் எதுவும் முன்வருவதில்லை.