போத்தலுக்கு அடியில் ஒரு புண்



குடிகாரனைத் திருத்த நம் மக்கள் அறிந்த வழி ஒன்றுண்டு. மடுமாதாவின் சந்நிதியில் முழந்தாளிடச் செய்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்குவார்கள். அச்சத்தியத்தைச் சாகும்வரை காத்தவர்கள் உண்டு. சில வாரங்களில் முறித்தவர்களும் உண்டு. முறித்தவனை விசுவாசமற்றவன் என்று தள்ளிவிடுகிறோம். அவன் ஏன் குடிக்கிறான் என்று கேட்டோமா?

சீன நாட்டுப் புனித மாற்கு ஜி தியான்சியாங் ஒரு வைத்தியர். வயிற்று நோய்க்கு மருந்தாக உட்கொண்ட அபின் அவரை அடிமையாக்கிற்று. பலமுறை பாவசங்கீர்த்தனம் செய்தும் விடமுடியவில்லை. விடும்வரை தேவதிரவிய அனுமானங்கள் இல்லையென்றார் குருவானவர். ஏறக்குறைய 30 ஆண்டுகள் நற்கருணையின்றியும் அவர் விசுவாசத்தை விடவில்லை. 1900 ஆம் ஆண்டு பொக்சர் கலகத்தில் குடும்பத்துடன் பிடிபட்டபோது, தம்மவர் எவரும் தனியே சாகலாகாதென்று, தம்மைக் கடைசியாக வெட்டும்படி கேட்டு உயிர்நீத்தார். பாப்பரசர் 2 ஆம் அருளப்பர் சின்னப்பர் 2000 ஆம் ஆண்டில் அவரைப் புனிதராக உயர்த்தினார். விசுவாசம் குறைந்தா அவர் அபினைத் தொட்டார்? வலி தாங்காமலன்றோ தொட்டார்!

நம்மிடையேயும் வலியை மறைக்கக் குடிப்போர் உளர். 2009 இல் யுத்தம் ஓய்ந்தாலும், செல் வீழ்ந்த ஓசை சிலரின் கனவில் ஓயவில்லை. 2004 இன் கடற்கோளில் பிள்ளையைப் பறிகொடுத்த தந்தை நித்திரைக்காகச் சாராயத்தை நாடுகிறான். வேறு சிலருக்கு வெளிக்காரணம் எதுவுமின்றியே மனச்சோர்வு வருகிறது. குடி முதலில் மயக்கும். பின்னர் நித்திரையைக் கெடுத்துச் சோர்வை இரட்டிப்பாக்கும். குடியை மட்டும் நிறுத்தினால் பழைய பயம் தலைதூக்கி மீண்டும் போத்தலிடம் இழுக்கும். குடித்துக்கொண்டே நித்திரைக் குளிசை விழுங்கினாலோ மூச்சே நின்றுவிடலாம். ஆகவே இரண்டு நோய்க்கும் ஒரே காலத்தில் வைத்தியம் வேண்டும். இரண்டையும் வைத்தியரிடம் ஒளியாமல் சொல்லவேண்டும்.

இன்னுமொன்று. நெடுங்காலம் மிதமிஞ்சிக் குடித்தவனை அறையிற் பூட்டித் திடீரென நிறுத்தாதீர்கள். நடுக்கமும் வலிப்பும் சித்தமயக்கமும் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அதை வைத்தியரின் பார்வையிலேயே செய்யவேண்டும்.

மனநோய் வைத்தியரிடம் போனால் மகளின் கலியாணம் குழம்புமே என்று அஞ்சுகிறீர்கள். தகப்பன் வீதியில் விழுந்து கிடப்பதை ஊர் அறியாதா? வைத்தியரை ஆண்டவரே படைத்தார், அவரை மதியுங்கள் என்று சீராக் ஆகமத்தின் 38 ஆம் அதிகாரம் கற்பிக்கின்றது. செபமாலையைக் கையிலெடுங்கள், அதே கையால் அவனைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

நோய் என்பதால் மனைவியை அடிப்பதும் பிள்ளைகளின் சோற்றுப் பணத்தைக் குடிப்பதும் நியாயமாகிவிடா. அடிபடுகிறவள் பிள்ளைகளுடன் பாதுகாப்பான இடத்துக்குப் போவது பாவமுமன்று. ஆனால் குற்றத்தைக் கண்டிக்கும் நாம், காயத்தைக் கட்ட மறுக்கலாமா?

நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் வார்த்தான், திராட்சை இரசமும் வார்த்தான். ஒன்றைச் செய்து மற்றதை விடவில்லை. சத்திரத்திற் சேர்த்துப் பணங்கொடுத்து, திரும்பி வருவேன் என்றும் சொல்லிப் போனான். ஒருமுறை தவறி மீண்டும் குடித்தவனிடம் நாமும் திரும்பிப் போவோமாக. யேசுவின் இரக்கத்துக்கு மூன்றாம் தவணை, நான்காம் தவணை என்ற கணக்கில்லை.